படப்பெட்டி கேள்வி பதில்: ஆளில்லாத கட்டடமும் கண்ணாடியில ஒட்டின படமும்

போன இதழில, வீட்டில இருக்கிற பழைய படங்கள், அதிலயும் ஊர்க் கட்டடம் தெரியிற படங்கள் பற்றிக் கேள்வி இருந்தா அனுப்புங்கோ எண்டு போட்டிருந்தம். வந்த கடிதங்களைப் பாத்தா திருகோணமலையில அலுமாரிக்கு மேல ஒரு தகரப்பெட்டி இல்லாத வீடே இல்லைப் போல. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேத்துப்போட்டன். பேர் போடவேண்டாம் எண்டு கனபேர் கேட்டதால ஊர் மட்டும்தான்.

கேள்வி (உப்புவெளி வாசகி): எங்கட பூட்டன் காலத்துப் படம் எண்டு அம்மம்மா ஒண்டு தந்தவ. தடிப்பு மட்டையில ஒட்டின கபில நிறப் படம். வளைவு வளைவா வாசல் வச்ச பெரிய கட்டடம், முன்னுக்கு றோட்டு, ஆனா ஒரு ஆள் இல்லை. ஊரே காலியா இருந்ததோ? இதுக்கு எத்தினை வயசு இருக்கும்?

பதில்: ஊர் காலியா இருக்கேல்லை தங்கச்சி, ஆக்கள் நடந்து திரிஞ்சிருப்பினம், கமராதான் அவையைப் பிடிக்கேல்லை. அந்தக் காலத்தில ஒரு படத்துக்கு மூடியைக் கழட்டிப்போட்டு செக்கன் கணக்கில, சிலவேளை நிமிசக் கணக்கில காத்துக்கொண்டு நிக்கவேணும், அதுக்குள்ள நடந்து போற மனிசன், மாட்டு வண்டில், நாய் எல்லாம் ஒரு இடத்திலயும் தரிக்காததால படத்தில விழாது, அசையாமக் கிடக்கிற கல்லும் சுண்ணாம்பும்தான் விழும். 1838ல டாகேர் எண்ட பிரெஞ்சுக்காரர் பரிஸில ஒரு பெரிய வீதியை மேல் ஜன்னலில இருந்து எடுத்தவர். வண்டியும் சனமுமா நிறைஞ்ச வீதி அது, ஆனா படத்தில மனிசராத் தெரியிறது சப்பாத்துக்குப் பொலிஷ் போட நிண்ட ஒருத்தரும் போட்டுவிட்டவரும் மட்டும்தான், ஏனெண்டால் அவை அசையாம நிண்டவை. அதுக்கும் முந்தி 1826-27 அளவில நியெப்ஸ் எண்ட இன்னொரு பிரெஞ்சுக்காரர் எடுத்த படம் இண்டைக்கும் இருக்கு, அதுவும் கட்டடம்தான், அவரின்ர ஜன்னலுக்கு வெளிய தெரிஞ்ச கூரையும் சுவரும். மணித்தியாலக் கணக்கா வெளிச்சம் விழுந்ததால வெயில் ரெண்டு பக்கச் சுவரிலயும் அடிச்ச மாதிரிக் கிடக்கும். கட்டடம் ஓடாது, அசையாது, கண் சிமிட்டாது, அதாலதான் கமராக்காரர் முதல் முதல் கட்டடத்தைப் பிடிச்சவை எண்டு நான் நினைக்கிறது. உங்கட படத்தின்ர றோட்டுப் பக்கத்தை ஒரு பூதக்கண்ணாடி வச்சுப் பாருங்கோ, புகை இழுத்த மாதிரி எங்கயாவது கிடந்தா அது நடந்துபோன ஒரு ஆள்தான்.

வயசுக்கு வருவம். நிறத்தை மட்டும் பாத்து முடிவு கட்டாதேங்கோ. அதே பூதக்கண்ணாடியால வெளிச்சமான இடத்தைப் பாருங்கோ, படத்துக்குக் கீழ கடதாசியின்ர நார் தெரியுதா, மேல லேசான மினுக்கம் இருக்கா, முடி மாதிரி மெல்லிய வெடிப்பு ஓடுதா, வெள்ளையா இருக்கவேண்டிய இடம் மஞ்சளாப் போயிருக்கா? இவ்வளவும் இருந்தா அது பெரும்பாலும் அல்புமின் பிரிண்ட், அதாவது முட்டை வெள்ளைக்கருவில உப்புக் கலந்து கடதாசியில பூசி, பிறகு வெள்ளி நைத்திரேற்றில மிதக்கவிட்டு, நெகட்டிவை அதுக்கு மேல வச்சு வெயிலில காயவிட்டு எடுத்த படம். 1850ல பிளாங்கார் எவ்ரார் எண்டவர் கொண்டுவந்த முறை, 1890கள் வரைக்கும் உலகம் முழுக்க இதுதான் ஓடினது. ஜேர்மனியில ட்ரெஸ்டன் நகரத்தில இந்தக் கடதாசி செய்த பெரிய கம்பனி 1888ல ஒரு நாளைக்கு சராசரி 60,000 முட்டை உடைச்சதாம், மஞ்சள் கருவை எல்லாம் என்ன செய்தாங்களோ. கடதாசி மெல்லிசு, சுருண்டு போகும், அதாலதான் மட்டையில ஒட்டினவை.

நார் தெரியாம, வழுவழுப்பா, கறுப்பு வெள்ளையா இருந்து, சரிச்சுப் பிடிச்சா இருண்ட ஓரங்களில நீலமா வெள்ளி பளபளத்தா அது ஜெலற்றின் (ஜெலி மாதிரிப் பசை) பூசின படம், 1890களுக்குப் பிந்தினதாத்தான் இருக்கும். மினுக்கமே இல்லாம, படம் கடதாசிக்குள்ள ஊறின மாதிரி இருந்தா அது இன்னும் பழைய உப்புக் கடதாசிப் பிரிண்டா இருக்கலாம், அப்பிடி எண்டா ஒருத்தருக்கும் கையில குடுக்காதேங்கோ. மட்டையின்ர அடியிலயும் பின்பக்கத்திலயும் ஸ்டூடியோப் பேர் பாருங்கோ. கொழும்பில ஸ்கீன், ஸ்கோவன் எண்டு பெரிய ஆக்கள் இருந்தவை, பிளாட்டே கம்பனி எண்டு இருந்தா 1890க்கு முந்தினது இல்லை, கம்பனி தொடங்கினதே அந்த வருசம்தான்.

இன்னொண்டு, வானம் வெள்ளைக் கடதாசியாத்தானே இருக்கு? அந்தக் கால மருந்து நீல வெளிச்சத்துக்குத்தான் கூடத் துடிக்கும், அதால எங்கட நீல வானம் எரிஞ்சு வெள்ளையாப் போகும், செங்கல்லும் பச்சை இலையும் கறுத்துப்போகும். ஓட்டுக்கூரை கறுப்பாத் தெரியுது எண்டு தார் பூசின கூரை எண்டு நினைச்சுப்போடாதேங்கோ.

கேள்வி (திருகோணமலை நகர், ஏஎல் மாணவன்): பறங்கியர் இடிக்கிறதுக்கு முந்தின ஆதிக் கோணேசர் கோயிலின்ர ஒரிஜினல் போட்டோ எண்டு வட்ஸ்அப்பில ஒண்டு சுத்துது, ஆயிரம் தூண் எல்லாம் தெரியுது. உண்மையா?

பதில்: தம்பி, போர்த்துக்கேயர் கோயிலை இடிச்சு அந்தக் கல்லால கோட்டை கட்டினது 1620களில. போட்டோ எடுக்கிற வித்தையை உலகத்துக்கு அறிவிச்சது 1839ல. இடையில ரெண்டு நூற்றாண்டு கிடக்கு. ஆர் எடுத்திருப்பினம்? அது ஒண்டில் வேற ஒரு தென்னிந்தியக் கோயில், இல்லாட்டி இப்ப கம்ப்யூட்டர் வரையிற படம். பக்தியோட ஃபோர்வர்ட் பண்ணுற பெரியாக்களிட்ட சண்டைக்குப் போகாதேங்கோ, இந்த ரெண்டு வருசத்தையும் மட்டும் சொல்லுங்கோ.

கோணேசர் கோயில் நிக்கிற பாறையைத்தான் சுவாமிமலை எண்டு சொல்லுறது; உண்மையான பழைய சுவாமிமலைப் படம் எப்பிடி இருக்கும் எண்டால், உச்சியில கோயில் இருக்காது. 19ஆம் நூற்றாண்டில சனம் அந்தப் பாறை ஓரத்தில நிண்டுதான் கடலைப் பாத்துப் பூசை செய்ததா வந்துபோன வெள்ளைக்காரர் எழுதியிருக்கினம். 1950ல கிணறு வெட்டேக்க விக்கிரகங்கள் வெளிப்பட்ட பிறகுதான் திருப்பணி வேகம் பிடிச்சு 1963ல கும்பாபிசேகம் நடந்தது. ஆக, இப்ப இருக்கிற கோயில் தெரிஞ்சா படம் அதுக்குப் பிந்தினது, வெறும் பாறையும் ஒரு ஒற்றைத் தூணும் எண்டால் முந்தினதா இருக்கலாம், இப்பிடித்தான் வயசு பாக்கிறது. பழைய கோயிலின்ர கல்லைப் படத்தில பாக்க ஆசை எண்டா, 1956ல எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவரின்ர கூட்டாளி மைக் வில்சனும் சுவாமிமலைக்குக் கீழ முக்குளிச்சுத் தூண்களும் செதுக்கல் கல்லுகளும் கண்டவை, கடலுக்கடியில படமும் எடுத்தவை. அது மெய்யான படம்.

கேள்வி (ஓர்ஸ் ஹில்): அப்பா அம்மாவின்ர கலியாணப் படம் பிரேம் கண்ணாடியில அப்பிடியே ஒட்டிப்போச்சு. பிளேட்டால உரிக்கலாமா?

பதில்: வேண்டாம், வேண்டாம், பிளேட்டைத் தூர வையுங்கோ. ஜெலற்றின் எண்டிறது ஜெலிதான், எங்கட உப்புக் காத்தின்ர ஈரத்தில இளகிக் கண்ணாடியைப் பிடிச்சுக்கொள்ளும், உரிச்சால் முகம் கண்ணாடியோட வரும், உடம்பு கடதாசியோட நிக்கும். தண்ணியில ஊறப்போட்டா வந்திடும் எண்டு யூடியூபில சொல்லுவினம், சிலது வரும், சிலது கரைஞ்சு போகும், எது எண்டு போட்ட பிறகுதான் தெரியும். கண்ணாடியோடயே விட்டிட்டு, கண்ணாடியின்ர வெளிப்பக்கத்தை மட்டும் ஈரத்துணியால துடைச்சு (ஸ்பிரே அடிக்காதேங்கோ, ஓரத்தால உள்ளுக்குப் போகும்), கண்ணாடியோட சேத்து ஸ்கேனரில வையுங்கோ. ஃபோனில எடுக்கிறது எண்டால் ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில வரட்டும், உங்களுக்குப் பின்னால கறுப்புத் துணி ஒண்டைப் பிடிக்கச்சொல்லுங்கோ, அப்ப உங்கட முகம் கண்ணாடியில விழாது. இனிமேல் பிரேம் போடேக்க படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில மட்டையில வெட்டின ஒரு சட்டம் வைக்கச்சொல்லிக் கடையில கேளுங்கோ, அந்த இடைவெளிதான் உயிர். ஒரிஜினலைச் சுவரில தூக்கிறதை விட, நல்ல பிரதி ஒண்டு அடிச்சு அதைத் தூக்கிறது இன்னும் நல்லம், வெயில் பிரதியைத் தின்னட்டும்.

கேள்வி (கிண்ணியா): மழை வெள்ளம் வீட்டுக்குள்ள ஏறி அல்பம் நனைஞ்சு போச்சு. இப்ப ஒண்டோட ஒண்டு ஒட்டி, சிலதில பூஞ்சணமும் பிடிச்சிருக்கு. வாப்பாட கடை, பழைய பள்ளிவாசல் எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு.

பதில்: இதுக்கு ரெண்டு பதில் இருக்கு, நனைஞ்ச அண்டைக்குச் செய்யிறது ஒண்டு, பிந்திச் செய்யிறது ஒண்டு.

நனைஞ்ச அண்டைக்கு எண்டால், காய விடக்கூடாது, அதுதான் கனபேருக்கு விளங்காத விசயம். ஈரமா இருக்கேக்க பிரிக்கலாம், ஒட்டினபடி காய்ஞ்சால் பிரிக்கேலாது. சுத்தமான குளிர் தண்ணி ஒரு பேசினில எடுத்து, படங்களை அதுக்குள்ளயே மெல்ல ஒண்டொண்டாப் பிரிச்சு, சேத்தைக் கழுவி, படப்பக்கத்தை விரலால தேய்க்காம, மேல பாத்தபடி பருத்தித் துணியிலயோ நுளம்பு வலையிலயோ பரப்பி நிழலில காயவிடவேணும். வெயில் வேண்டாம், ஹெயார் ட்ரையர் வேண்டாம். கடல் தண்ணி எண்டால் நல்ல தண்ணியில ரெண்டு மூண்டு தரம் அலசவேணும், உப்பு நிண்டால் திரும்பத் திரும்ப ஈரத்தை இழுக்கும். அவ்வளவையும் ரெண்டு நாளுக்குள்ள செய்யேலாது எண்டால் சின்னச் சின்னக் கட்டா பொலித்தீன் பையில போட்டு ஃபிரீசரில வையுங்கோ, பிறகு ஆறுதலா எடுத்துச் செய்யலாம். ஆனா மட்டையில ஒட்டின பழைய கபிலப் படங்களையும் கண்ணாடி நெகட்டிவையும் தண்ணிக்குள்ளயும் போடாதேங்கோ, ஃபிரீசரிலயும் வைக்காதேங்கோ, அதுகளை மட்டும் முதல்ல எடுத்துக் காத்தாடக் காயவையுங்கோ. 2004 சுனாமிக்குப் பிறகு எங்கட கரையோர வீடுகளில எத்தினை அல்பம் குப்பையோட போச்சுது, நனைஞ்சது எல்லாம் போச்சு எண்டு நினைச்சுப்போட்டம். ஜப்பானில 2011 சுனாமிக்குப் பிறகு தொண்டர்கள் இருந்து லட்சக்கணக்கான குடும்பப் படங்களை இந்த மாதிரித்தான் கழுவித் திருப்பிக் குடுத்தவை.

உங்கடது இப்ப ரெண்டாவது கேஸ். பூஞ்சணம் பிடிச்ச ஜெலற்றினைத் தண்ணியில போட்டா படமே கரைஞ்சிடும், பூஞ்சணம் அதைச் செமிச்சு வச்சிருக்கு. முதல்ல பெட்டியில இருந்து வெளிய எடுத்து காஞ்ச அறையில ஃபேன் காத்து நேர அடிக்காம வையுங்கோ. பஞ்சு மாதிரி இருக்கிற பூஞ்சணம் காய்ஞ்சு தூளானதும், வீட்டுக்கு வெளிய நிண்டு, மூக்குக்கு மாஸ்க் போட்டுக்கொண்டு, மெல்லிய பிரஷால ஒரு பக்கமாத் தட்டிவிடுங்கோ. ஈரத்துணி, தேங்காயெண்ணெய், டெட்டோல், இதொண்டும் கிட்டக் கொண்டுவரவேண்டாம். ஒட்டிப்போன படங்களை ஒட்டினபடியே வையுங்கோ, பள்ளிவாசல் படம் மேல தெரிஞ்சா அதை உடன ஸ்கேன் பண்ணுங்கோ.

கேள்வி (தம்பலகாமம்): லேமினேட் பண்ணினா நூறு வருசம் இருக்கும் எண்டு கடையில சொல்லுகினம்.

பதில்: பிளாஸ்டிக் இருக்கும். படம் உள்ளுக்கு வெந்து, பசையோட ஒண்டாகி, இனி ஒரு காலமும் வெளிய எடுக்கேலாது. வேண்டாம்.

கேள்வி (திருகோணமலை, பல்கலைக்கழக மாணவி): நகரத்தில இருக்கிற பழைய கட்டடங்களை இடிக்க முந்தி ஃபோனில எடுத்து வைக்கிறன். எல்லாக் கட்டடமும் பின்னுக்குச் சாயிற மாதிரி வருது. அந்தக் காலத்துப் படங்களில மட்டும் எப்பிடி நட்டுவச்ச மாதிரி நேரா நிக்குது?

பதில்: நல்ல வேலை செய்யிறீங்கள். காரணம் லேசு, கோபுரத்தின்ர உச்சி ஃபிரேமுக்குள்ள வரவேணும் எண்டு நீங்கள் ஃபோனை மேல நோக்கிச் சரிக்கிறீங்கள், சரிச்ச உடன செங்குத்துக் கோடெல்லாம் மேல போகப் போக ஒண்டையொண்டு நெருங்கும். பழைய மரக்கமராவில லென்ஸ் பூட்டின பலகையும் பின்னால தட்டு வைக்கிற பலகையும் வேற வேற, நடுவில தோல் துருத்தி. கமராவை நேரா வச்சுக்கொண்டு லென்ஸ் பலகையை மட்டும் மேல உயர்த்துவினம், பின் தட்டு கட்டடத்துக்குச் சமாந்தரமாவே நிக்கும், அதால கோடு சாயாது, உச்சியும் உள்ளுக்கு வரும். கட்டடப் படத்தின்ர முழு ரகசியமும் இதுதான், இண்டைக்கும் பெரிய ஆக்கள் இதுக்கெண்டு தனி லென்ஸ் வாங்குகினம்.

இந்த ஒழுங்கு சும்மா வந்ததில்லை. 1851ல பிரெஞ்சு அரசாங்கம் பழுதடைஞ்ச தேவாலயங்களையும் கோட்டைகளையும் பதிவு செய்ய அஞ்சு போட்டோக்காரரை நாடு முழுக்க அனுப்பினது, திருத்த முந்தி எப்பிடி இருந்தது எண்டு தெரியவேணும் எண்டு. எங்கட பக்கத்தில, மெட்ராஸ் அரசாங்கத்துக்காக லின்னேயஸ் ட்ரைப் எண்ட இராணுவ அதிகாரி 1858ல ஸ்ரீரங்கம், மதுரை, தஞ்சாவூர் எல்லாம் மாட்டு வண்டிலில கமரா ஏத்திக்கொண்டு திரிஞ்சவர். தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளத்தில ஓடுற கல்வெட்டைத் துண்டு துண்டா எடுத்து 21 பிரிண்டைச் சேத்து ஒட்டி 19 அடி நீளத்தில ஒரே படமாக்கினவர், கல்வெட்டை வாசிக்க உதவட்டும் எண்டு. எனக்கு அதுதான் கட்டடப் படம், வடிவுக்கு எடுக்கிறது பிறகு. இலங்கையில ஜோசப் லோட்டன் 1870-71 அளவில அனுராதபுரம், பொலன்னறுவை இடிபாடுகளைத் தொல்லியல் குழுவுக்காக எடுத்தவர். அப்ப ஈரக் கொலோடியன் காலம், கண்ணாடித் தட்டில மருந்து ஊத்தி அது காயமுந்திப் படம் எடுத்துக் கழுவியும் முடிக்கவேணும், பத்துப் பதினைஞ்சு நிமிசம்தான், எங்கட வெக்கைக்கு அதுவும் கிடைக்காது. காட்டுக்குள்ள இருட்டுக் கூடாரம், கண்ணாடி, மருந்து, தண்ணி எல்லாம் கூலியாக்களின்ர தோளில போனது, அவையின்ர பேரை ஒரு மட்டையிலயும் எழுதேல்லை.

நீங்கள் செய்யவேண்டியது: ஃபோனை நிமிர்த்தி நேராப் பிடியுங்கோ, பின்னுக்குப் போங்கோ, இல்லாட்டி எதிர்க் கடையின்ர மேல்மாடிக்கு ஏறிக் கேட்டு எடுங்கோ, கட்டடத்தின்ர நடு உயரத்துக்கு வந்தா சாயிறது நிண்டுபோகும். கீழ தேவையில்லாத றோட்டு விழும், அதைப் பிறகு வெட்டலாம், ஒரிஜினலை வெட்டாம வச்சுக்கொண்டு. காலமை ஒரு தரம், பின்னேரம் ஒரு தரம் எடுங்கோ, சுவரில சரிஞ்சு விழுற வெளிச்சத்திலதான் சாந்து வேலை தெரியும். ஒரு ஆளை வாசலுக்குப் பக்கத்தில நிக்கச்சொல்லுங்கோ, கட்டடத்தின்ர உயரம் அப்பதான் விளங்கும், பழைய ஆக்களும் அதுக்குத்தான் ஆளை நிப்பாட்டினவை. ஃபிரட்றிக் கோட்டைக்குள்ள இராணுவம் இருக்கு, அங்க கேக்காமக் கமராவைத் தூக்காதேங்கோ.

சின்னக் கேள்விகள், சின்னப் பதில்கள்

பூச்சி உருண்டை போடலாமா? வேண்டாம், அந்த ஆவி படத்திலயும் பிளாஸ்டிக்கிலயும் படியும். வேப்பிலை? காய்ஞ்சாலும் ஈரத்தைக் கொண்டுவரும், கறையும் வைக்கும். கரப்பொத்தானுக்கு நல்ல மருந்து, பெட்டியை மாசத்தில ஒருக்கால் திறந்து பாக்கிறதுதான்.

பின்பக்கம் பேனையால எழுதலாமா? குமிழ்முனைப் பேனை முன்பக்கம் தழும்பு விழுத்தும், மை ஊறும். மெல்லிய பென்சிலால ஓரத்தில எழுதுங்கோ. பென்சில் பிடிக்காத பிளாஸ்டிக் கடதாசிப் படம் எண்டால் உறையில எழுதுங்கோ.

ஒட்டுப்பசைப் பக்கத்துக்கு மேல பிளாஸ்டிக் மூடின அல்பம், 80களில எல்லாரும் வாங்கினது, அதை என்ன செய்யிறது? அந்தப் பசைதான் படத்தை மஞ்சளாக்கிறது. லேசா வாற படங்களை எடுத்துவிடுங்கோ, வராததைப் பக்கத்தோட ஸ்கேன் பண்ணுங்கோ.

70களின்ர கலர்ப் படம் சிவந்து போச்சு, வெயில் படாம வச்சும்? அந்தக் காலச் சாயம் இருட்டிலயும் மங்கும், வெக்கைதான் காரணம். ஸ்கேன் பண்ணினா நிறத்தைக் கனக்க மீட்கலாம். கறுப்பு வெள்ளைப் படம் அதை விட நிண்டுபிடிக்கும், பேத்தியின்ர படத்துக்கு முந்திப் பாட்டியின்ர படம் அழியும் எண்டு நினைக்காதேங்கோ, பல வீட்டில மறுவளம்தான் நடக்குது.

எங்க வைக்கிறது? கூரைக்குக் கீழயும் இல்லை, நிலத்திலயும் இல்லை, கடல் பாத்த சுவரிலயும் இல்லை. வீட்டு நடு அறையில, உள்சுவரோட நிக்கிற அலுமாரியின்ர நடுத்தட்டு. சிலிக்கா ஜெல் பை போட்டா நிறம் மாறினதும் சூடாக்கி எடுத்துத் திரும்பப் போடவேணும், போட்டிட்டு மறந்தால் அது சும்மா மணல். மாரியில பெட்டியைத் திறக்காதேங்கோ. கச்சான் காத்து வீசத்தொடங்கி ஊர் காய்ஞ்சு கிடக்கிற ஆனி ஆடியில திறந்து, பாத்து, உறை மாத்தி, மூடுங்கோ. பிவிசி மணக்கிற பிளாஸ்டிக் உறை வேண்டாம், அமிலம் இல்லாத கடதாசி கிடைக்காட்டி பொலிப்ரொப்பிலீன் உறை போதும்.

கேள்வி (மூதூர்): அப்பா ஸ்டூடியோ வச்சிருந்தவர். நெகட்டிவ் பெட்டி ஒண்டு இருக்கு, திறந்தா வினாகிரி மணக்குது. கண்ணாடித் தட்டும் கொஞ்சம் இருக்கு.

பதில்: வினாகிரி மணம் எண்டால் அசிற்றேற் ஃபிலிம் பழுதாகுது, அந்த ஆவியே பக்கத்தில இருக்கிற நல்ல ஃபிலிமையும் கெடுக்கும். மணக்கிறதை வேற பெட்டியில போடுங்கோ, காத்துப் போற பெட்டியா இருக்கட்டும், சுருளமுந்தி ஸ்கேன் பண்ணுங்கோ. அதை விட முக்கியம், ஃபிலிம் ஓரத்தில சேஃப்டி எண்டு எழுத்து இருக்கா பாருங்கோ. இல்லாம, கபிலமா, ஒட்டுற மாதிரி, மூக்கில அடிக்கிற வேற மணமா இருந்தா அது லேசில நெருப்புப் பிடிக்கிற பழைய நைத்திரேற் ஃபிலிமா இருக்கலாம், கொடாக் அதைச் செய்யிறதை நிப்பாட்டினது 1951ல. அது நெருப்புப் பிடிச்சா தண்ணி ஊத்தியும் நிக்காது, தனக்கு வேண்டிய ஒட்சிசனைத் தானே விடும். தகரக் கூரைக்குக் கீழ, அடுப்படிக்குக் கிட்ட வைக்கிற சாமான் இல்லை அது, வீட்டை விட்டு வெளிய நிழலான இடத்துக்கு எடுங்கோ.

கண்ணாடித் தட்டுகளை ஒண்டுக்கு மேல ஒண்டு அடுக்காதேங்கோ, அடியில கிடக்கிறது பாரத்தில வெடிக்கும். ஒவ்வொண்டாக் கடதாசியில மடிச்சு, நீளப் பக்கம் கீழ இருக்க நிறுத்தி வையுங்கோ. மங்கல் பக்கம்தான் படம், அதில கை வைக்காதேங்கோ.

கேள்வி (டொரொண்டோவில இருந்து, ஊர் திருகோணமலை): எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணிட்டம், ஹாட் டிஸ்க்கில இருக்கு. வீட்டை விக்கப்போறம், ஒரிஜினல் பெட்டியை என்ன செய்யிறது, எறியிறதோ?

பதில்: எறியாதேங்கோ அண்ணை, முதல்ல எப்பிடி ஸ்கேன் பண்ணினீங்கள் எண்டு சொல்லுங்கோ. எனக்கு வாற ஸ்கேன் முக்கால்வாசியும் முகத்தை மட்டும் வெட்டி எடுத்ததுதான். மாமாவும் மாமியும் கதிரையில இருக்கினம், பின்னால இருந்த கட்டடம் போச்சு. இந்த ஊர்க் கட்டடங்களைத் தனியா ஆர் படம் எடுத்தவை? கோட்டையையும் துறைமுகத்தையும் வெள்ளைக்காரர் எடுத்தவை, அவைக்கு அது தேவைப்பட்டது. எங்கட நாற்சார் வீடு, கடைத்தெருத் திண்ணை, பள்ளிக்கூட மண்டபம், 1942 ஏப்ரலில ஜப்பான்காரன் குண்டு போடமுந்தி இருந்த தெரு, பிறகு சண்டையிலயும் கடலிலயும் போன மதில், இதெல்லாம் பதிவாகிக் கிடக்கிறது கலியாணப் படத்திலயும் சாமத்திய வீட்டுப் படத்திலயும் ஆளுக்குப் பின்னாலதான். நீங்கள் வெட்டி எறிஞ்ச ஓரத்தில ஒரு கடைப் பலகை இருந்திருக்கும், அதில பேர் இருந்திருக்கும்.

அதோட, பழைய பெரிய பிரிண்டுகள் நெகட்டிவ் அளவிலயே அடிச்சது, பெருப்பிச்சது இல்லை, அதால அதுக்குள்ள கிடக்கிற நுணுக்கம் நீங்கள் ஃபோனில எடுத்த பிரதியில இல்லை. மட்டையின்ர முத்திரை, பின்பக்கத்துக் கையெழுத்து, கடதாசியின்ர வகை, இதுகளை வச்சுத்தான் வயசு சொல்லுறது எண்டு மேல உப்புவெளித் தங்கச்சிக்கு எழுதியிருக்கிறன், ஸ்கேன் மட்டும் இருந்தா அதில பாதி சொல்லேலாது. ஹாட் டிஸ்க்கை நம்பாதேங்கோ, அது போற நாளில சொல்லிப்போட்டுப் போகாது.

ஆக, திரும்ப ஒருக்கால் செய்யுங்கோ. 600 டிபிஐ (ஸ்கேனரில போடுற நுணுக்க அளவு), சின்னப் படம் எண்டால் 1200, வெட்டாம, மட்டையின்ர நாலு ஓரமும் தெரிய, முன்பக்கம் ஒண்டு பின்பக்கம் ஒண்டு. டிஃப் ஃபைலா ஒண்டு பத்திரத்துக்கு, ஜேபெக் ஒண்டு சொந்தக்காரருக்கு அனுப்ப. மூண்டு பிரதி, அதில ஒண்டாவது வேற ஊரில இருக்கட்டும், உங்களுக்குத்தான் டொரொண்டோ இருக்கே. ஃபில்டர் போட்டு வெள்ளையாக்கின பிரதியை மட்டும் வச்சுக்கொண்டு உண்மைப் பிரதியை அழிக்காதேங்கோ.

ஒரிஜினலுக்கு, குடும்பத்தில பொறுப்பான ஒருத்தர் இருந்தா அவரிட்டக் குடுங்கோ, மூத்தவர் எண்டதுக்காக இல்லை, காஞ்ச அறை வச்சிருக்கிறவர் எண்டதுக்காக. இல்லாட்டி கொழும்பில தேசிய சுவடிக்கூடம் இருக்கு, தமிழ் ஆவணங்களை டிஜிட்டலாக்கிற நூலகம் நிறுவனம் இருக்கு, அவையோட கதைச்சுப் பாருங்கோ. குடுக்கேக்க எழுத்தில வாங்குங்கோ, ஒரிஜினலை வச்சிருப்பினமா ஸ்கேன் பண்ணித் திருப்பித் தருவினமா, ஆர் பாவிக்கலாம், ஆற்ற பேர் போடவேணும் எண்டு. வீடு விக்க முந்தி ஒரு வேலை இருக்கு: ஊரில இருக்கிற உங்கட பெரியம்மாவோ சித்தப்பாவோ, வயசு போன ஆரிட்டயாவது படங்களைக் காட்டி, ஆள் ஆர் எண்டு கேட்ட பிறகு, "பின்னால தெரியிறது எந்த வீடு, எந்த வளவு, இப்ப அதில என்ன நிக்குது?" எண்டும் கேட்டு பென்சிலால எழுதுங்கோ. வீடியோ கோலிலயும் செய்யலாம், ஆனா ஊர் நேரப்படி பின்னேரத்தில எடுங்கோ, காலமையில அவைக்குக் கோயில், சமையல் எண்டு ஆயிரம் அலுவல்.